துளைத்த மண்ணையே மறுபடி துளைக்கும் சென்னை

வேளச்சேரியிலோ போரூரிலோ ஒரு காலி மனை. வீடு கட்டும் முன் மண் ஆய்வு நடக்கிறது. மூன்று இரும்புக் கால்களைக் கூட்டி நிறுத்தி, வின்ச்சைக் கட்டி, பத்துப் பதினைந்து செ.மீ. அகலத்தில் துளை போடுகிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை துளையிடுவதை நிறுத்திவிட்டு ஒரு குழாயை இறக்கி, அதன் தலையில் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு அடி எண்ணுகிறார்கள். குழாய் மொத்தம் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மேல்மண் கலைந்திருக்கும். மீதி 30 செ.மீ.க்கு எத்தனை அடி என்பதுதான் 'என் வேல்யூ' (N value); அடி கூடக் கூட மண் கெட்டி என்று பொருள். சேறு படிந்த நோட்டில் சூப்பர்வைசர் 4, 6, 7 என்று எழுதுகிறார். என் வேல்யூ 13. குழாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் மண்ணைப் பார்த்து, விரலால் நசுக்கி, "சாம்பல் நிறம், வண்டல் கலந்த மணல்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். துளை முடிந்ததும் இந்த வரிகளையெல்லாம் ஆழவாரியாக அடுக்கினால் அதற்குப் பெயர் போர்லாக்.

இரண்டு மூன்று வாரத்தில் லேப் சோதனைகளும் சேர்ந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் வரும். கட்டமைப்புப் பொறியாளர் அதில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்வார். கட்டடம் எழும்பிவிடும். ரிப்போர்ட் வீட்டுப் பத்திரத்தோடு பீரோவுக்குள் போகும், அல்லது அதுகூடப் போகாது. ஐந்து வருடம் கழித்து அடுத்த மனைக்காரர் அதே மூன்று காலை நடுவார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். மண் ஆய்வுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1892, சுமார் 0.4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் மனைக்கு, நாலு மூலைக்கு நாலும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளை போதும் என்று ஒரு பொது வழிகாட்டல் தருகிறது. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு. ஆளுக்கு ஒரு கிரவுண்டு வைத்திருக்கும் பதினெட்டு பேரும் ஆளுக்கு ஒரு துளை போட்டால், தரநிலை கேட்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் அந்த ஏக்கரைத் துளைத்தாயிற்று. ஆனால் பதினெட்டு பேரில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு துளையை வைத்துக்கொண்டுதான் அஸ்திவாரம் முடிவு செய்திருப்பார்கள். செலவு மொத்தமும் ஆயிற்று, அறிவு மட்டும் சேரவில்லை.

எல்லா ஊருக்கும் இது இழப்புதான். சென்னைக்குக் கொஞ்சம் கூடுதல் இழப்பு. இந்த ஊரின் அடிமண் பத்துத் தெருவுக்கு ஒருமுறை ஆள் மாறும். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பாறை வெயில் காய்ந்துகொண்டு மேலேயே கிடக்கிறது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகப் புவியியல் புத்தகங்களிலெல்லாம் நம்ம ஊர்க் கல் இருக்கிறது. அந்தப் பாறை கிண்டிப் பக்கம் சில மீட்டரிலேயே தட்டுப்படும், அண்ணா சாலையில் ஆழம் போகும், வடசென்னைக்குப் போகப் போகச் சாதாரணத் துளைக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அதன் மேல் திருவான்மியூர், மயிலாப்பூர் கரையோரம் கடல் மணல். எண்ணூர், மணலிப் பக்கம் கடற்களிமண். சில இடங்களில் சுத்தியல் அடிக்கவே வேண்டாம், குழாய் தன் எடையிலேயே இறங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் வேறு கதை. அடையாறும் கூவமும் இடம் மாறி ஓடிய பழைய தடங்களில் இன்னொரு கதை.

இத்தனையும் இயற்கை செய்தது. மனிதர் செய்தது தனி. தி.நகர் எழுந்தது 1920-களில் வற்றவைத்த ஏரியின் மேல். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். ஏரியை மூடிய மண் எங்கிருந்து வந்தது, எத்தனை அடி போட்டார்கள், கட்டட இடிபாடு கலந்ததா என்பதெல்லாம் எந்தப் புவியியல் வரைபடத்திலும் வராது. துளை போட்டவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் உண்டு.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை மெட்ரோ முதல் கட்டம் ஊருக்கே காட்டியது. சுரங்க இயந்திரத்துக்கு முழுப் பாறையும் பரவாயில்லை, முழு மண்ணும் பரவாயில்லை. கீழ்ப்பாதி கெட்டிப் பாறை, மேல்பாதி தளர்ந்த மணல் என்று ஒரே முகத்தில் இரண்டும் வந்தால்தான் வினை: பாறையில் வெட்டுப்பல் தேய்ந்துகொண்டிருக்கும்போதே மேலிருக்கும் மணல் சரிந்து உள்ளே வரும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், அடியில் சுரங்கப் பணி நடந்த தடத்தில், சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. வேறு சில இடங்களில் சுரங்கத்தின் நுரையும் சேறும் யாருக்கும் நினைவில்லாத பழைய கிணறு, போர் வழியாக வீட்டு முற்றத்தில் பொங்கின. பழைய போர்லாக் எல்லாம் கையில் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சுரங்கத்துக்குத் துளைகளுக்கு நடுவில் இருக்கும் மண்தான் எதிரி, எத்தனை துளை போட்டாலும் நடு என்று ஒன்று இருக்கும். ஆனால் அந்த நடுவைக் குறுக்கலாம். அண்ணா சாலையின் இருபுறமும் ஐம்பது அறுபது வருடமாக எழுந்த மாடிக் கட்டடங்களில் பலவற்றுக்கு அடியில் யாரோ ஒருவர் துளை போட்டுத்தான் இருந்தார்.

இனி மறுபக்கம். பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தாலும் அதை அப்படியே பயன்படுத்த முடியுமா? இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், போன வருஷம் பக்கத்துல கட்டினாங்களே, அதே ரிப்போர்ட்டைப் பேரை மாத்திக் கொடுத்துடுங்களேன். ஒரே மண்ணுதானே?" அதற்கு நான் சொல்வது: "மண்ணு ஒண்ணாவே இருக்கட்டும் சார். அவங்க கட்டினது ரெண்டு மாடி. நீங்க கீழ பார்க்கிங் விட்டு அஞ்சு மாடி கேக்கறீங்க."

இதில் இருக்கும் குழப்பம் பெரியது. "உங்க ஏரியாவுல எஸ்பிசி எவ்வளவு?" என்று, அதாவது மண் பாதுகாப்பாக எவ்வளவு எடை தாங்கும் என்று, ரத்த வகை கேட்பதுபோல் கேட்கிறார்கள். சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண், மண்ணுக்குச் சொந்தமான குணம் இல்லை. எத்தனை மீட்டர் அகல அஸ்திவாரம், எத்தனை ஆழத்தில், கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் அமர்ந்தால் பரவாயில்லை, நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் வைத்து ஒரு பொறியாளர் போட்ட கணக்கின் விடை அது. அகலத்தை மாற்றினால் விடை மாறும். ஆகவே பகிரக் கூடாத எண் ஒன்று உண்டென்றால் எல்லோரும் கேட்கும் இந்த எண்தான். பகிர வேண்டியது யாரும் புரட்டிப் பார்க்காத நடுப்பக்கங்கள்: எந்த ஆழத்தில் என்ன மண், எத்தனை சுத்தியல் அடி, லேபில் என்ன வந்தது, பாறை எங்கே தொடங்கியது. அதை வைத்து அடுத்தவர் தன் கட்டடத்துக்குத் தன் கணக்கைப் போட்டுக்கொள்வார்.

அந்த நடுப்பக்கங்களிலும் சிக்கல் இருக்கிறது. சென்னை ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, ஆழமெல்லாம் "இப்போதைய தரைமட்டத்திலிருந்து" என்று எழுதியிருப்பது. எந்த இப்போது? அடுத்தடுத்த இரண்டு மனை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 2012-ல் துளைத்தபோது களிமண் 3 மீட்டரில் தொடங்கியது. மற்றதில் 2018-ல் துளைத்தபோது 4.2 மீட்டரில் தொடங்கியது. இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்தால் களிமண் படுகை அந்தப் பக்கம் சரிகிறது என்று தோன்றும். உண்மையில் அது மட்டமாகத்தான் கிடக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இரண்டாவது மனைக்காரர் நாலு அடி மண் கொட்டி மனையை உயர்த்தியிருந்தார், அவ்வளவுதான். கடல்மட்டத்திலிருந்து தரை எவ்வளவு உயரம் என்று ஒரே ஒரு எண் இரண்டு ரிப்போர்ட்டிலும் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும். இந்தியாவை அளக்கும் வேலையை ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-ல் தொடங்கியதே இதே பரங்கிமலை அடிவாரத்தில் அளவைக்கான அடிக்கோடு போட்டுத்தான். அந்த மலை தெரியும் தூரத்தில் போடும் துளைக்கு நாம் மட்டம் எழுதுவதில்லை.

இடம் இன்னும் மோசம். துளை எங்கே என்று காட்டும் படத்தில் ஒரு சதுரம், பக்கத்தில் "ரோடு", மூலையில் "வேப்ப மரம்". மரம் போய்விட்டது, ரோட்டுக்குப் பெயர் மாறிவிட்டது. கையில் இருக்கும் போன் சில மீட்டர் பிசகோடு அட்சரேகை தீர்க்கரேகையை இலவசமாகச் சொல்கிறது. அதை நோட்டில் எழுத ஒரு நிமிடம் ஆகாது.

என் வேல்யூவும் நேராக ஒப்பிடக்கூடியது இல்லை. சுத்தியல் விழும் சக்தி முழுவதும் குழாய்க்குப் போவதில்லை. கயிறு உரசும், வின்ச் பிடிக்கும், தூக்குகிறவர் களைத்துப்போய் 75 செ.மீ.க்குப் பதில் 65-ல் விட்டுவிடுவார். உலக வழக்கம், 60 சதவீத சக்திக்கு அந்த எண்ணைத் திருத்திக்கொள்வது. எந்த வகைச் சுத்தியல், எப்படித் தூக்கினார்கள் என்று எழுதினால்தானே திருத்த முடியும். தண்ணீர் மட்டத்துக்குத் தேதி வேண்டும்: மே மாதம் 6 மீட்டரில் நின்ற நீர் டிசம்பரில் முழங்காலுக்கு வரும் ஊர் இது. பாறைக்கும் வரையறை வேண்டும். சுத்தியல் நின்ற இடத்தையெல்லாம் பாறை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது சிதைந்த பாறையா, வெறும் உருண்டைக் கல்லா என்பது அங்கிருந்து கோர், அதாவது உருளையாக வெட்டிய பாறை மாதிரி, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இவையெல்லாம் தீர்க்க முடியாத பிரச்சினைகள் இல்லை. பிரிட்டனில் இந்தத் துறை நிறுவனங்களின் சங்கமான ஏஜிஎஸ் 1992-லேயே இதற்கு ஒரு கோப்பு வடிவத்தை வெளியிட்டது. பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: வெறும் எழுத்துக் கோப்பு, காற்புள்ளியால் பிரித்த வரிகள், நோட்பேடில் திறக்கும். துளையின் இடமும் தரைமட்டமும் ஒரு தொகுதியில், மண் அடுக்குகள் இன்னொன்றில், சுத்தியல் அடிகள் இன்னொன்றில். முப்பது வருடத்துக்கு மேலாக அது தாக்குப்பிடித்ததற்கு அந்த எளிமைதான் காரணம் என்பது என் எண்ணம். அமெரிக்கர்கள் டிக்ஸ் என்று எக்ஸ்எம்எல் அடிப்படையில் ஒன்று வைத்திருக்கிறார்கள்; அது இன்னும் விரிவானது. நம்மிடம் பிடிஎஃப் இருக்கிறது. அதுவும் பல நேரம் அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதிலிருந்து ஒரு எண்ணை எடுக்க மறுபடி ஒருவர் உட்கார்ந்து தட்டச்ச வேண்டும்.

வெளியில் இதை யார் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு ஊரும் வெவ்வேறு காரணத்துக்காக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் சேமிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துளைகளின் பதிவுகள் இருக்கின்றன. அதற்கு விதை 1926-ன் சுரங்கத் தொழில் சட்டம். நூறு அடிக்கு மேல் துளைத்தால் தெரிவிக்க வேண்டும் என்றது. கட்டட வேலைக்கான ஆழமில்லாத துளைகள் பெரும்பாலும் அதற்குள் வராது, மனமிருந்தவர்கள் கொடுத்துச் சேர்ந்தவையே அதிகம். ஹாங்காங்குக்கு 1972, 1976 மண்சரிவுகள் பாடம் கற்பித்தன. 1977-ல் அரசே ஒரு புவித்தொழில்நுட்ப அலுவலகம் திறந்தது, இன்று அங்கே பழைய மண் ஆய்வு அறிக்கைகளை நூலகத்தில் பார்ப்பதுபோல் பார்க்கலாம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரமே மறுபடி கட்ட வேண்டியிருந்தபோது, எடுக்கிறவர் கொடுக்கவும் வேண்டும் என்ற ஏற்பாட்டில் ஒரு பொதுத் தரவுத்தளம் எழுந்தது. பின்னால் அது நாடு முழுமைக்குமானது.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்து ஏற்பாடு. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அரசு அமைப்புகள் தாங்கள் எடுக்கும் நிலத்தடித் தரவைப் பொதுப் பதிவேட்டில் சேர்த்தாக வேண்டும். அதோடு விடவில்லை. முடிவெடுக்கும்போது அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்தியும் ஆக வேண்டும், தவறு என்று சந்தேகம் வந்தால் தெரிவித்தும் ஆக வேண்டும். கொடுப்பதைக் கட்டாயமாக்குவது எல்லோருக்கும் தோன்றும். பார்ப்பதைக் கட்டாயமாக்கியதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பார்க்கிறவர் இருந்தால்தான் கொடுக்கிறவர் ஒழுங்காகக் கொடுப்பார்.

நம் ஊரில் ஏன் நடக்கவில்லை? பயம் முதல் காரணம். என் போர்லாக்கைப் பார்த்து யாரோ அஸ்திவாரம் போட்டு, அது விரிசல் விட்டால் வழக்கு என் மேல் வருமே என்று ஆய்வு நிறுவனம் நினைக்கிறது. இதற்கு மருந்து மேலே சொன்னதுதான்: பார்த்ததை மட்டும் கொடு, பரிந்துரையை வைத்துக்கொள். யார் பார்த்தது, எப்போது, எந்த முறையில் என்பது தெரிந்தால் போதும், அதன் மேல் எடுக்கும் முடிவுக்குப் பொறுப்பு எடுப்பவருடையது. மெட்ரோ போன்ற பெரிய டெண்டர்களில் ஏலம் கேட்பவர்களுக்கு மண் அறிக்கையைத் தந்து "தகவலுக்கு மட்டும்" என்று ஒரு வரி போடுவது ஏற்கனவே இருக்கும் வழக்கம்தான்.

இரண்டாவது, தொழில். முப்பது வருடம் இந்த ஊரில் துளைத்த ஒரு நிறுவனத்தின் அலமாரிதான் அதன் மூலதனம். எந்தத் தெருவில் எத்தனை மீட்டரில் பாறை என்று தெரிந்தவர் துணிந்து விலை குறைத்துக் கேட்கலாம். அதை இலவசமாகக் கொடு என்றால் தயங்குவது நியாயம். பழையதை விட்டுவிட்டு இன்றிலிருந்து வருவதை மட்டும் கேட்கலாம். ஓரிரு வருடம் கழித்துப் பொதுவில் வைக்கலாம். காசு கொடுத்தது வீட்டுக்காரர் என்பதால் அவர் சம்மதமும் வேண்டும், பெயரும் கதவு எண்ணும் வெளியில் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. துளையே போடாமல் மேசையில் உட்கார்ந்து எழுதும் ரிப்போர்ட்டுகள் உண்டு. அனுமதிக்கு ஒரு தாள் வேண்டும், வீட்டுக்காரருக்குச் செலவு குறைய வேண்டும், எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. பழகிய கண்ணுக்கு இது தெரியும். என் வேல்யூ 8, 12, 17, 23 என்று படிக்கட்டு ஏறுவதுபோல் ஒழுங்காக ஏறும், மூன்று துளையிலும் அடுக்குகள் ஒரே ஆழத்தில் மாறும். நிஜ மண் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளாது. பழகாத கண்ணுக்கு, அதுவும் தனியாக வந்த ஒரே ரிப்போர்ட்டில், கண்டுபிடிக்க வழியே இல்லை. சுற்றியிருக்கும் பத்துத் துளையின் பதிவு பக்கத்தில் இருந்தால் பொய் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால், செலவு மிச்சம் என்பதைவிடப் பகிர்வதற்கு இதுதான் வலுவான காரணம். எதிர்ப்பும் இங்கிருந்துதான் அதிகம் வரும்.

வாங்கி வைக்க ஒரு இடம் வேண்டுமே என்றால், அதற்குப் புதிதாக ஒரு வாரியம் தொடங்க வேண்டியதில்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், புவித்தொழில்நுட்பப் பொறியாளரைப் பதிவு பெற்ற நிபுணர்களில் ஒருவராக அங்கீகரிக்கின்றன. பெரிய கட்டடங்களின் மண் ஆய்வு, அனுமதி தரும் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கோப்புக்குள் எப்படியும் வருகிறது. அந்தக் கோப்போடு துளையின் இடம், கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரம், போர்லாக் மூன்றையும் எழுத்துக் கோப்பாகக் கேட்டால் போதும். சிஎம்டிஏவின் எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. இனி வயலும் ஏரிக்கரையும் மனையாகப்போகும் பகுதிகள்தான் அதில் பெரும்பங்கு. முதல் துளையிலிருந்தே பதிவு வைக்க இன்னும் வாய்ப்பு உள்ள இடங்கள் அவை. மத்திய அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் கனிமத் தேடலை முன்னிறுத்தியது, வீட்டு மனைத் துளைக்கு அங்கே வேலையில்லை.

நிலநடுக்கக் கணக்குக்கும் இது வேண்டும். நிலநடுக்க அபாய மண்டலங்களின் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. ஒரே அதிர்வு கிண்டிப் பாறையில் ஒரு மாதிரியும் வேளச்சேரிக் களிமண்ணில் வேறு மாதிரியும் ஆட்டும். ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் சென்னை மண்ணில் என் வேல்யூவுக்கும் அதிர்வலை பாயும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 2010-ல் வெளியிட்டார்கள். சூத்திரம் தயார். அதில் போட நகரம் முழுக்க என் வேல்யூ வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியார் பீரோக்களைக் கேட்கும் முன், மக்கள் பணத்தில் போட்ட துளைகள். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மூன்று தடம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று. வடக்கின் வண்டல், மையத்தின் பாறை, தெற்கின் சதுப்பு, கிழக்கின் மணல் என்று எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிப் போகும் தடங்கள் இவை. நல்ல கருவி, முறையான மேற்பார்வை, மட்டமும் இடமும் அளந்து போட்ட துளைகள் என்பதால் மற்ற பதிவுகளைச் சரிபார்க்கவும் இவை உதவும். கலங்கரை விளக்கம் தடத்தின் போர்லாக்குகளை மட்டும் வெளியிட்டாலே மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், வடபழனி, போரூர் என்று வரிசையாக வெளிச்சம் வரும். அந்தத் தடத்தின் ஓரம் வீடு கட்டுகிறவர் அப்போதும் தன் மனையில் துளை போடத்தான் வேண்டும். எத்தனை மீட்டர் போனால் போதும், எந்த ஆழத்தில் கவனமாக மாதிரி எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போடுவார்.